தலையில கை வையி மருமவனே

வாலே மருமவனே, இப்படி உக்காரு. புது வண்டி எடுத்திருக்க போலுக்கே. பின்கண்ணாடி முழுக்க 'இயேசு ஜீவிக்கிறார்'னு எழுதிருக்க. சந்தோசம். அவரு ஜீவிக்கதுல எனக்குச் சந்தேகமில்ல. நீ முக்குத் திரும்புன வேகத்துல, சைக்கிள்ல வந்த அந்தக் கிழவன் ஜீவிக்கானான்னுதான் பாத்துட்டு வரச் சொல்லி ஆளனுப்பிருக்கேன்.

"விசுவாசத்தத் தைரியமா வெளிய காட்டணும் மாமா, நாலு பேரு பாக்கணும்"ங்க. யாரு வேண்டாம்னா? விளக்கக் கொளுத்தி மரக்காலுக்குள்ள மூடாதீயன்னு மத்தேயு 5-ல ஆண்டவரே சொல்லிருக்காரு. ஆனா அடுத்த அதிகாரத்தத் திருப்புனியாலே? தர்மம் பண்ணுதப்போ தாரை ஊதாதன்னு அதே மலையில, அதே பிரசங்கத்துலதான் சொல்லுதாரு. நம்மாளுக அஞ்சாம் அதிகாரத்த வாசிச்சிட்டு, ஆறுக்கு வாரதுக்குள்ள மைக்செட்டுக்கு அட்வான்ஸ் குடுத்துருதாவ. கோயிலுக்கு நீ வாங்கிக் குடுத்த காத்தாடி றெக்கையில உன் பேர எழுதிவச்ச. சுத்துனா எழுத்து தெரியலன்னு, பிரசங்கத்துக்கு நடுவுல அத நிறுத்தச் சொல்லி போட்டோ எடுத்த ஆளுல்லா நீ! ஐயருக்கு அன்னைக்கு வேர்த்த வேர்வை அபிஷேகம்னு சனம் நெனச்சிட்டு.

டோனாவூருக்குப் போயிருக்கியா? 1901-லேருந்து கோயிலுக்கு நேர்ந்துவிட இருந்த பிள்ளைகளயெல்லாம் எடுத்து வளத்தாவளே ஏமி கார்மைக்கேல் அம்மா, 1951-ல காலமானாவ. கல்லறைக்குக் கல்லே வைக்கப்படாதுன்னு சொல்லிட்டுப் போயிட்டாவ. வளந்த பிள்ளைக மனசு கேக்காம, பறவ தண்ணி குடிக்க ஒரு தொட்டிய வச்சு 'அம்மை'ன்னு எழுதுனாவ. அந்தம்மா ஒரு றெக்கையிலயும் பேரெழுதலடே.

தைரியம் வேணும்னா வடக்கன்குளத்தப் பாரு. 1872 வாக்குல கத்தோலிக்கக்காரங்க அங்க கட்டுன கோயிலு, சாதிக்கொரு பக்கமா ரெண்டா பிரிஞ்சு நின்னுச்சு. கால்சட்டைக் கோயில்னே பேரு. நடுவுல சுவரு. ஒரே பூசை, ஒரே சாமி, ரெண்டு காலு! 1910-ல கௌசானல் சாமியாரு அந்தச் சுவர இடிச்சுப்போட்டாரு. ஊரு சும்மா விடுமா? கேசு கோர்ட்டுக்குப் போச்சு. சுவரக் கேட்டுப் போனவங்க தோத்துத்தான் திரும்புனாவ. அதுக்குப் பேரு சாட்சி.

நீயும் போன மாசம் உன் தங்கச்சிக்கு மாப்பிள்ள பாத்து விளம்பரம் குடுத்த. 'மறுபடியும் பிறந்த, அபிஷேகம் பெற்ற மணமகன் தேவை'ன்னு பெரிய எழுத்து. அதுக்குக் கீழ சின்ன எழுத்துல நம்ம சாதி. மறுபடியும் பொறந்தவன் மறுபடியும் அதே சாதியிலதான் பொறக்கணுமோலே? இடிச்ச சுவர நீ செங்கல் செங்கலா வீட்டுக்குக் கொண்டுவந்து அடுக்கிருக்க.

நம்ம வெள்ளாளன்விளையில 1874-ல பொறந்த அசரியா, 1912-ல பிஷப் ஆனாரு. ஆங்கிலிக்கன் சபையில மொத இந்திய பிஷப் அவருதான். தெலுங்கு நாட்டுல தோர்ணக்கல்லுக்குப் போயி ஊழியம் செஞ்சாரு. ஞானஸ்நானம் எடுத்தவங்களத் தலையில கை வைக்கச் சொல்லி, சுவிசேஷத்த அறிவிக்காமப் போனா எனக்கு ஐயோன்னு சொல்ல வைப்பாராம். கவனிச்சியா, அவனவன் தன் தலையில கை வைக்கணும். நீ ஆபீசு வேலை போக சீட்டுக் கம்பெனியும் நடத்தி அடுத்தவன் தலையில கைய வச்சிட்டு அல்லேலூயாங்க.

அதனால உன் சாட்சிய இனிமே நீயே மைக்குல சொல்லாத. அது உன் வாய்க்கு உள்ள வேலையில்ல. பலசரக்குக் கடைக்காரன்ட்ட கேளு, பாக்கி எத்தன மாசமா நிக்குன்னு. வீட்டு வேலைக்கு வார அக்காட்ட கேளு, அவளுக்குக் காப்பி எந்த டம்ளர்ல போகுதுன்னு. உன் ஆபீசு பியூன்ட்ட கேளு, மேசைக்கடியில கவரு வந்தா நீ கண்ண மூடி ஜெபம் பண்ணுதியா, இல்ல எண்ணுதியான்னு. 'நான் வேதக்காரன், இது வேண்டாம்'னு ஒரு நாளு சொல்லிப் பாரு. போஸ்டர் ஒட்டாமலே ஊரு திரும்பிப் பாக்கும். கூட இருக்கவன் ரெண்டு பேரு பேச்ச நிறுத்திருவான், புரமோஷன் கொஞ்சம் தள்ளிப்போகும். அது வலிக்கும் மருமவனே. அதனாலதான் அதத் தைரியம்ங்கோம்.

சரி, அத்தை கருப்பட்டிக் காப்பி வச்சிருக்கா, குடி. குடிச்சிட்டு நேரா போயி கடைப் பாக்கிய அடை. அந்த விளம்பரத்துல கடைசி வரிய வெட்டச் சொல்லு. இந்த ரெண்டையும் செஞ்சிட்டு வா, மைக்செட்டு வாடகைய நானே தாரேன்.