வொக்காபுலரி அண்ணாச்சி

விக்கிரமசிங்கபுரத்து டீக்கடை பெஞ்சில் வொக்காபுலரி அண்ணாச்சியை அடையாளம் காண்பது லேசு. சட்டைப் பையில் இரண்டு பேனா, ஒன்று சிவப்பு. மடியில் பழுப்பு அட்டை போட்ட லாங் சைஸ் நோட்டு. இடப்பக்கம் வார்த்தை, வலப்பக்கம் பொருள், நடுவில் அடிமட்டம் வைத்து இழுத்த கோடு. மூன்றாவது உளுந்த வடையைப் பிய்த்துக்கொண்டே, “ஏ தம்பி, அப்ஸ்டீமியஸ்னா என்னன்னு தெரியுமாடே?” என்பார். “தெரியாது அண்ணாச்சி” என்று தம்பி சொல்வதுதான் அவருக்குக் காலைப் பலகாரம். “தீனியில கட்டுப்பாடா இருக்கது” என்று விளக்கிவிட்டு நாலாவது வடைக்குக் கை நீட்டுவார். வார்த்தைக்கும் வடைக்கும் ஏதோ சம்பந்தம் உண்டென்று அவருக்குத் தோன்றவே தோன்றாது. இந்த ரகத்தாரின் மொத்த இலக்கணமும் அந்த நாலாவது வடையில் அடக்கம்: வார்த்தை அவரிடம் வந்து சேரும், வேலைக்குப் போகாது.

இலக்கணம் என்றதும் அகத்தியர் நினைவு வரத்தான் செய்யும். ஊருக்கு மேற்கே நிற்பது பொதிகை அல்லவா. ஆனால் அண்ணாச்சியின் குலதெய்வம் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. திருவனந்தபுரத்து எம்.பி. சசி தரூர் 2017-இல் ‘ஃபராகோ’ என்று ஒரு வார்த்தையைப் போட, நாடே அகராதியைப் புரட்டியது. அடுத்த ஆண்டு, ஒன்றுக்கும் உதவாதது என்று ஒதுக்குவதைக் குறிக்கும் இருபத்தொன்பது எழுத்து வார்த்தையொன்றை எடுத்துவிட்டார். அண்ணாச்சி அதை மூச்சு விடாமல் சொல்லுவார். தரூருக்கு அந்த வார்த்தைகள் எதிராளியை அடிக்கும் கம்பு. அண்ணாச்சிக்கோ அவை வெள்ளிச் சாமான், பரணில் ஏற்றிவைத்து எண்ணிப் பார்ப்பதற்கு.

பரணில் வைத்தது நிலைக்குமா? ஜெர்மானியர் ஹெர்மன் எப்பிங்ஹாஸ் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, மறதியை அளந்து 1885-இல் புத்தகமாக்கினார். படித்ததில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஒரே நாளில் கழன்றுவிடுகிறது. பொருளோடு படித்தால் இவ்வளவு மோசமில்லை என்பது வாஸ்தவம். ஆனால் எந்த வாக்கியத்திலும் கால் வைக்காத வார்த்தை அர்த்தமில்லாத அசைக்கு அண்ணன் தம்பிதான். அளவுக்கும் கணக்கு இருக்கிறது. சொற்கல்வியை ஆராய்ந்த பால் நேஷன், ஆங்கில நாவலும் செய்தித்தாளும் தடங்கலின்றிப் படிக்க எட்டாயிரம், ஒன்பதாயிரம் சொற்குடும்பங்கள் வேண்டும் என்று 2006-இல் கணித்தார். சின்ன எண்ணிக்கை இல்லை. அண்ணாச்சியின் உழைப்புக்கு இதில் நியாயம் கிடைக்கும்போலத்தான் தெரிகிறது. ஆனால் அந்த ஆயிரங்கள் அன்றாடம் புழங்கும் ஆயிரங்கள். அண்ணாச்சி அவற்றைத் தாண்டிக் குதித்து நேரே பாபநாசம் அணையில் விழுந்தவர். தெருவிளக்கு எரியவில்லை என்று மனு எழுதச் சொன்னால், இருட்டுக்கு நாலு பெயர் இருக்கும். விளக்குக் கம்பம் எந்தத் தெருவில் இருக்கிறது என்பது இருக்காது.

பரீட்சைக்குப் படிக்கிறவனை இப்படிக் கிண்டலடிக்கலாமா என்று கேட்பீர்கள். வங்கித் தேர்வுக்கு நார்மன் லூயிஸின் ஆங்கில வார்த்தைப் புத்தகத்தைத் தேய்க்கும் பையன் இந்தச் சித்திரத்தில் இல்லை. ஆர்டர் வந்த மறுநாள் அவன் புத்தகத்தைத் தங்கச்சிக்குக் கொடுத்துவிடுவான். தவிர, வார்த்தைப் பட்டியலுக்குப் பேர்போன ஜி.ஆர்.இ. தேர்வே 2011-இல் எதிர்ச்சொல் கேள்விகளை எடுத்துவிட்டு, வாக்கியத்துக்குள் சொல்லைப் பொருத்தச் சொல்கிறது. இன்னொரு ஆட்சேபம் கனமானது: நம் பாட்டன்மார் திண்ணையில் உட்கார்ந்து நிகண்டு ஒப்பிக்கவில்லையா? ஒப்பித்தார்கள். சூடாமணி நிகண்டு விருத்தத்தில் இருக்கிறது. அதன் ‘ஒருசொல் பல்பொருள்’ தொகுதி எதுகைப்படி அடுக்கப்பட்டது. செய்யுள் கட்டுகிறவன் எதுகைக்குச் சொல் தேடிக் கை நீட்டினால் அகப்பட வேண்டுமே, அதற்காக. மனப்பாடத்தைக் குறை சொல்லவில்லை. கொத்தனார் பை நிறைய ஆயுதம் வைத்திருந்தால் யாரும் சிரிப்பதில்லை.

இத்தனைக்கும் இது பஞ்சு பறந்த ஊர். பாபநாசத்து அருவித் தண்ணீரின் விசையை நம்பி ஹார்வி சகோதரர்கள் மில் கட்டியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில். அண்ணாச்சியின் நோட்டில் உள்ள வார்த்தைகளில் பல, பஞ்சும் கம்பளியும் நாரும் அடித்த இடத்தில் பிறந்தவை. ‘ஷாடி’ முதலில் பழங்கம்பளியைக் கிழித்து மறுபடி நூற்ற துணி, அப்புறம்தான் மட்டமானது எதுவும். கூட்டத்தில் பேச்சாளரைக் குடைவதாகிய ‘ஹெக்கிள்’ சணல்நார் சீவும் சீப்பு. ‘ஸ்பின்ஸ்டர்’ நூல் நூற்பவள். ‘டாஃப்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் நட்சத்திரம் போட்டு, ‘தொப்பியைக் கழற்று’ என்று எழுதி வைத்திருப்பார். அவர் உட்காரும் அதே பெஞ்சில், துண்டை முண்டாசாகக் கட்டிய ரிட்டயர்டு டாஃபர் ஒருவர் டீ ஆற்றிக்கொண்டிருப்பார். ரிங் பிரேமில் நூல் நிறைந்த பாபினை உருவிவிட்டு வெறும் பாபினைச் செருகுகிற டாஃபிங்கை முப்பது வருஷம் பார்த்த கை அது. நோட்டை மூடிவிட்டு அண்ணாச்சி அவரிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: “என்னவே, வடை சூடா இருக்கா?”