சிவப்புக்கு அஞ்சும் அம்மாள்

கென்டக்கி மாநிலத்தில் படூக்கா என்று ஓர் ஊர். க்வில்ட் என்னும் ஒட்டுப்போர்வைக்கென்றே அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். அங்கே போனால் இந்த அம்மாளைப் பார்க்கலாம். போகாவிட்டாலும் பாதகமில்லை, அமெரிக்காவில் ஊருக்கு நாலு பேராவது இருப்பார்கள்.

துணியைத் துண்டு போட்டு, கால் அங்குல ஓரம் விட்டு இணைத்து, நடுவே பஞ்சு விரிப்பு, அடியில் இன்னொரு துணி என மூன்றையும் சேர்த்துத் தைத்து முடிக்க அவருக்கு ஒரு குளிர்காலமே போய்விடும். கால் அங்குலம் என்றால் கால் அங்குலம்தான். நூலளவு தப்பினாலும் அத்தனையையும் பிரித்துவிடுவார். அப்பேர்ப்பட்ட கை, வாஷிங் மெஷின் மூடியைத் தொட்டால் நடுங்குகிறது.

எல்லாம் அந்தச் சிவப்பால் வந்த வினை. வெள்ளைக்குப் பக்கத்தில் சிவப்பு வைத்தது இவரேதான், யாரும் கட்டாயப்படுத்தவில்லை. நனைத்தால் சாயம் இறங்கும். நனைக்காவிட்டால் தையலுக்காக நீல மார்க்கரில் போட்ட கோடு அப்படியே நிற்கும். அதன் மேல் இஸ்திரிப் பெட்டி பட்டுவிட்டால் கறையே நிரந்தரம். போதாக்குறைக்கு உள்ளே அடுக்குகளை ஒட்டிவைத்த ஸ்பிரே பசை, வெளியே நாய் முடி.

பக்கத்து வீட்டு அம்மாள் எதிர்க்கட்சி. கடைசித் தையல் போட்ட சூட்டோடு மெஷினுக்குள் தள்ளிவிடுவார். பருத்திப் பஞ்சு 3 முதல் 5 சதவீதம் சுருங்க, போர்வை முழுக்கச் சின்னச் சின்ன சுருக்கம் விழும். "பாட்டி காலத்துப் போர்வை மாதிரி எவ்வளவு அழகு!" என்பார். நம்மவருக்குப் பற்றிக்கொண்டு வரும். கால் அங்குலம் பார்த்துத் தைத்தது கசங்கித் தெரியவா?

வங்காளத்துக் காந்தா போர்வை தைப்பவர்களுக்கு இந்தத் தலைவலியே இல்லை. பழைய புடவையில் தைப்பார்கள். போக வேண்டிய சாயம் போயிருக்கும், சுருங்க வேண்டியது சுருங்கியிருக்கும். புதுத்துணியை நூறு வண்ணத்தில் வாங்கி, அதை வெட்டிச் சேர்த்துவிட்டுக் கவலைப்படுவது வசதி வந்தபின் வந்த வியாதி.

கடைசியில் ஒருநாள் துணிந்துவிடுவார். குளிர்ந்த தண்ணீர், கொஞ்சம் சோப்பு, இறங்கும் சாயத்தைப் பிடித்துக்கொள்ளும் தாள் ஒன்று. மூடுவதற்குள் இன்னும் இரண்டு. மெஷின் ஓடி முடிகிற வரை அதன் எதிரிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். போர்வை பழுதில்லாமல் வரும், தாள் மட்டும் லேசான இளஞ்சிவப்பில். அப்போதும் நிம்மதி கிடையாது. "வந்தது இவ்வளவு என்றால், வரவேண்டியது இன்னும் எவ்வளவோ!"

போர்வை அக்காள் மகளின் கைக்குழந்தைக்குப் போய்ச் சேர்ந்தது. கூடவே ஒரு பக்கத்துக்குத் துவைக்கும் முறை, கைப்பட எழுதியது. ஒரு வாரம் கழித்துப் போன் செய்தார்.

"துவைத்தாயா?"

"தினமும்தான் ஆன்ட்டி. குழந்தை கக்கிக்கொண்டே இருக்கிறான்."

"தாள் எத்தனை போடுகிறாய்?"

"தாளா? ஓ, அந்தக் காகிதமா? அதையும் அவன்தான் தின்றுவிட்டான்."