சத்தம் திருத்துற தம்பி

கலியாண வீடு, சாமத்திய வீடு, கோயில் சடங்கு, கூத்து அரங்கேற்றம் ஆகியவற்றின் வீடியோவில் கிழிந்துபோன குரலைக் கணினி முன்னால் இருந்து ஒட்டவைப்பவரே சத்தம் திருத்துற தம்பி. வயது நாற்பதைத் தாண்டினாலும் தம்பிதான். இலங்கையின் வாகரைப் பக்கத்தில் பனிச்சங்கேணிப் பாலத்திலிருந்து கதிரவெளி வரைக்கும், வெருகல் திருவிழாக் காலத்தில் அதற்கு அப்பாலிருந்தும், இவரிடம் வருவோர் கையில் ஒரு பென்ட்ரைவ் இருக்கும். சொல்லும் வசனமும் மாறாது: "மகன், படம் வடிவா வந்திருக்கு. சத்தம் மட்டும் கொஞ்சம் இரையுது." மூன்று மணி நேர வீடியோவில் அந்தக் கொஞ்சம் சுமார் மூன்று மணி நேரம் இருக்கும்.

இவருக்குச் சோறு போடுபவர்களில் முதல்வர் ஊர் அறிவிப்பாளர். இலங்கை வானொலியில் கே. எஸ். ராஜாவையும் பி. எச். அப்துல் ஹமீதையும் கேட்டு வளர்ந்த நாட்டில் ஊருக்கு ஓர் அறிவிப்பாளர் இருப்பது இயல்பு. ராஜாவின் வேகம் நம் ஊர் அறிவிப்பாளருக்கு வந்துவிட்டது. வாய்க்கும் மைக்குக்கும் இடையில் ஒரு சாண் விடும் பழக்கம்தான் வந்து சேரவில்லை. மைக்கை ஊதிப் பார்ப்பார், தட்டிப் பார்ப்பார், பிறகு உதட்டோடு ஒட்டிக்கொண்டு மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்பார். அடுத்தவர் சவுண்ட்காரர். மிக்சரிலிருந்து ஒரு வயரை இழுத்துக் கமராவின் மைக் துளையில் செருகிவிடுவார். அந்தத் துளை எதிர்பார்ப்பது சில மில்லிவோல்ட். மிக்சர் தள்ளுவது ஒரு வோல்ட் அளவில். கமராக்காரர் ஹெட்ஃபோன் போட்டால் விஷயம் அங்கேயே தெரிந்துவிடும். ஆனால் ஹெட்ஃபோன் போட்டால் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவது கேட்காது.

கூத்து இதைவிடக் கடினம். வட்டக்களரியில் விடியும்வரை ஆடும் கூத்தர் மைக் இல்லாத காலத்துக்குப் பழக்கிய குரலோடு வருகிறார். மத்தளம் ஓய்ந்ததும் கமராவின் தானியங்கி ஒலிமட்டம் தானாக ஏறிக்கொள்கிறது. ஏறிய இடத்தில் அரசன் தன் வரவுப் பாட்டான வரவுத்தருவைத் தொடங்க, முதல் அடி முழுவதும் போய்விடுகிறது. அரங்கேற்றம் கச்சான் அடிக்கும் மாதத்தில் வந்துவிட்டால் காற்றும் மைக்கில் தன் பங்குக்கு இடிக்கும்.

போனது என்ன என்பதைத் தம்பி திரையில் பெரிதாக்கிக் காட்டுவார். 16 பிட் பதிவில் ஒலியலை ஏறக்கூடிய கடைசி எண் 32,767. அதற்கு மேல் எழும் குரலுக்கு எண் இல்லை. அலையின் தலை வெட்டுண்டு தட்டையாகிறது. தட்டையான தலை, மூல அலையில் இல்லாத ஒற்றைப்படை மடங்கு அதிர்வெண்களைப் பிறப்பிக்கிறது: 200 ஹெர்ட்ஸ் தனி அலையோடு 600, 1,000, 1,400 எல்லாம் கூட வந்து கரகரக்கும். 1964இல் இங்கிலாந்தின் கிங்க்ஸ் இசைக்குழுவைச் சேர்ந்த டேவ் டேவிஸ் இப்படிப்பட்ட கரகரப்புக்காகவே ஒலிபெருக்கியின் கூம்பைப் பிளேடால் கிழித்துப் புகழ் பெற்றார். வாகரையில் அதே காரியத்தைச் செய்யும் தாய்மாமாவின் வாழ்த்துரைக்கு அந்தப் புகழ் கிடைப்பதில்லை.

சத்தத்தைக் குறைத்தால் சரிவரும் என்பது வாடிக்கையாளரின் நம்பிக்கை. வட்டறுந்த பனையைத் தூரத்தில் நின்று பார்த்தால் சிறிதாகத் தெரியும், ஓலை முளைக்காது. இருந்தும் தம்பி முதலில் செய்வது குறைப்பதுதான். ஆறு டெசிபல் இறக்கினால் அலையின் உயரம் பாதியாகி, மேலே புதுத் தலை வைக்க இடம் கிடைக்கிறது. பிறகு ஆடாசிட்டியின் கிளிப் ஃபிக்ஸ், அடோபி ஆடிஷனின் டீகிளிப்பர், ஐசோடோப் ஆர்எக்ஸின் டீகிளிப் என்று கையில் உள்ளதை ஓட்டுவார். மென்பொருள் வெட்டுப்பட்ட இடத்துக்கு இருபுறமும் மிஞ்சிய அலையைப் பார்த்து, நடுவில் இருந்திருக்கக்கூடிய வளைவைக் கணக்கிட்டு வரைகிறது. விடுபட்ட ஒலி மாதிரிகளை இப்படி அயலிலிருந்து கணிக்கும் வழியொன்றை 1986இல் பிலிப்ஸ் ஆய்வுக்கூடத்து மூவர் வெளியிட்டார்கள். விநாடிக்கு 48,000 மாதிரி எடுக்கும் பதிவில் பத்து, இருபது மாதிரி போயிருந்தால் காது ஏமாந்துவிடும். அலைக்கு அலை பாதித் தலை போயிருந்தால் மென்பொருள் வரைவது மாமாவின் குரலை அல்ல, மாமாவைப் போன்ற ஒருவரின் குரலை.

அந்த இடத்தில் கைவைத்தியம். மேல் அதிர்வெண்களைச் சற்றுத் தணிப்பார். வாசலில் நின்ற இரண்டாவது கமராவில் நல்ல சத்தம் இருக்கிறதா என்று தேடி, உதட்டசைவுக்குப் பொருத்துவார். வாசல் கமராவில் பெரும்பாலும் ஐஸ்கிறீம் வான் பாட்டுத்தான் இருக்கும். அதுவும் கைவிட்டால் கடைசி மருந்து: வாழ்த்துரையின்மேல் ஒரு சினிமாப் பாட்டு. மாமா வாயசைப்பார், பாடகர் பாடுவார்.

உச்சத்துக்குக் கீழே பன்னிரண்டு டெசிபல் இடைவெளி விட்டுப் பதியுங்கள் என்று தம்பி எல்லாரிடமும் சொல்லியாயிற்று. 2019இல் வந்த சூம் எஃப்6 போன்ற 32 பிட் ஃப்ளோட் ரெக்கோடர்கள் கோப்புக்குள் தலை வெட்டுவதே இல்லை. ஆனால் மைக்கிலோ மிக்சரிலோ முன்னமே கிழிந்த குரலை அவை கிழிசல் குறையாமல், மிகத் துல்லியமாகப் பதிந்து தரும்.

திருத்திய வீடியோவை வீட்டார் முற்றத்தில் பெரிய பெட்டியில் போட்டுக் கேட்பார்கள். இரைச்சல் போய்விட்டதை ஒருவரும் கவனிக்க மாட்டார்கள். "எல்லாம் நல்லம் மகன், சத்தம்தான் காணாது. கொஞ்சம் கூட்டி விடுங்க." தம்பி கூட்டிக் கொடுப்பார். கனடாவில் ஹெட்ஃபோன் போட்டுக் கேட்கப்போகும் பெரியம்மாவுக்குக் கூட்டாத பிரதி ஒன்றையும் அதே பென்ட்ரைவில் கேளாமலே போட்டுவிடுவார். அதற்குத் தனிக் காசு இல்லை.