இணைக் கடனாளர் தேவை

அனுப்புநர்: வாக்காளர் அட்டை உள்ள, கையெழுத்து மட்டும் செல்லாத ஒரு மாணவி, நெய்வேலி டவுன்ஷிப்.

பெறுநர்: இந்திய வங்கிகள் சங்கம், மும்பை.

பொருள்: என் அப்பா தொடர்பாக.

பார்வை: தாங்கள் 2001இல் வகுத்து அவ்வப்போது திருத்திவரும் மாதிரிக் கல்விக் கடன் திட்டம்.

ஐயன்மீர்,

முதலில் ஒரு பாராட்டு. நாலு லட்சம் ரூபாய் வரைக்கும் கல்விக் கடன் வாங்க அடமானம் வேண்டாம், மார்ஜின் பணம் வேண்டாம், மூன்றாம் ஆள் ஜாமீன் வேண்டாம் என்று எழுதி வைத்திருக்கிறீர்கள். ஏழரை லட்சம் வரையிலான கடன் திரும்பி வராமல் போனால் முக்கால் பங்கைத் தாங்கிக்கொள்ள ஒன்றிய அரசின் உத்தரவாத நிதி இருக்கிறது. (ஏழரை என்று எல்லை வகுத்த அதிகாரிக்குச் சனிப்பெயர்ச்சி பற்றி யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.) படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துத் தவணையைத் தொடங்கினால் போதும். இவ்வளவு தாராளத்துக்கும் நீங்கள் பதிலாகக் கேட்பது ஒன்றே ஒன்று: பெற்றோர் இணைக் கடனாளராகக் கையெழுத்துப் போட வேண்டும்.

அப்பா இல்லாத பிள்ளை என்று அவசரப்பட்டு இரக்கப்பட வேண்டாம். இருக்கிறார். திடமாக இருக்கிறார். சுரங்கத்தில் நிரந்தரத் தொழிலாளி. நெய்வேலியில் 'எங்கப்பா பர்மனென்ட்' என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் ஒரு கேள்வி வராது; கல்யாணத் தரகர் முதல் பர்னிச்சர் கடைக்காரர் வரை தலையாட்டிவிடுவார்கள். அவருடைய சம்பளப் பட்டியலை ஒருமுறை பார்த்தேன். பி.எஃப்., எல்ஐசி, குவார்ட்டர்ஸ் வாடகை, சங்கச் சந்தா, சொசைட்டி கடன் என்று பிடித்தம் வரிசையாக இறங்கி வருகிறது. சொசைட்டி கடனில் வாங்கியது எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ். ஃபிரிட்ஜுக்கு ஒரு பத்தி இருக்கிறது, எனக்கு இல்லை.

காரணம் எளிது. பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரமே அவர் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கினார், நான் பொறியியல் கவுன்சலிங்குக்குப் பதிவு செய்தேன். "படிக்கிறதுன்னா உன் காசுல படிச்சுக்க. நான் சேத்து வெச்சிருக்கறது உன் கல்யாணத்துக்கு" என்றார். அந்தச் சேமிப்பு எங்கே இருக்கிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் உறுப்பினர் வங்கி ஒன்றில்தான், வைப்புநிதியாக. என் கல்யாணத்துக்கென்று அப்பா போட்ட பணத்தை யாருக்கோ கடன் கொடுத்து வட்டி பார்க்கிறீர்கள். எனக்குக் கொடுக்க மட்டும் அவர் கையெழுத்துக் கேட்கிறீர்கள்.

கிளையின் பெயர் வேண்டாம். மேலாளர் நல்ல மனிதர், உட்காரச் சொல்லித்தான் பேசினார்.

"அப்பாவக் கூட்டிட்டு வாம்மா."

"வரமாட்டார் சார்."

"அம்மா?"

"வருவாங்க சார். வருமானம் இல்ல."

சற்று யோசித்தார். பிறகு மிகுந்த அக்கறையோடு கேட்டார்: "உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சாம்மா?"

கிண்டல் செய்கிறார் என்றுதான் நினைத்தேன். வீட்டுக்கு வந்து உங்கள் திட்டத்தைப் படித்தபோதுதான் தெரிந்தது, அவர் விதியைப் பேசியிருக்கிறார். மணமானவர் என்றால் கணவனோ மனைவியோ, பெற்றோரோ, மாமனார் மாமியாரோ இணைக் கடனாளராக நிற்கலாம் என்று போட்டிருக்கிறீர்கள். ஆக, கல்யாணம் வேண்டாம், படிக்கிறேன் என்று வீட்டை எதிர்த்தவளுக்கு நீங்கள் காட்டும் வழி: படிக்க வேண்டுமா, கல்யாணம் செய்துகொள். நீங்களும் அப்பாவும் கலந்து பேசியிருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் என்ன ஒற்றுமை! நான் தரும் வரன் தேடும் விளம்பரத்தையும் எழுதி வைத்துவிட்டேன்: 'பி.இ. இரண்டாம் ஆண்டு பயிலும் பெண்ணுக்கு, சிபில் மதிப்பெண் 750க்கு மேல் உள்ள வரன் தேவை. ஜாதகம் வேண்டாம். மூன்று மாதச் சம்பளச் சீட்டு, ஃபாரம் 16 அவசியம். மாமனாருக்குச் சொந்த வீடு இருந்தால் முன்னுரிமை.'

1872ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தையும் 1875ஆம் வருட மேஜர் வயதுச் சட்டத்தையும் சேர்த்து வாசித்தால், பதினெட்டு முடிந்தவர் தன் பேரில் ஒப்பந்தம் போடலாம். 1989 முதல் பதினெட்டு வயதில் ஓட்டும் உண்டு. நாடாளுமன்றத்துக்கு ஆள் அனுப்ப என் விரல் போதும், செமஸ்டர் ஃபீஸ் கட்ட அப்பாவின் விரல் வேண்டும். இதில் வேடிக்கை, கடனை மதிப்பிடும்போது வழக்கமாக மாணவரின் எதிர்கால வருமானத்தைத்தான் பார்க்க வேண்டும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கூடவே, தேவைப்பட்டால் பெற்றோரின் வசதியையும் பார்க்கலாம் என்று ஒரு வால். கிளைகளில் தலையை வெட்டிவிட்டு வாலை மட்டும் வளர்க்கிறார்கள்.

கடன் வேண்டாம், உதவித்தொகை வாங்கிப் படி என்பீர்கள். அங்கேயும் அப்பாதான் முன்னால் நிற்கிறார். பிற்படுத்தப்பட்டோர் உதவித்தொகைக்குக் குடும்ப வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ஒன்றிய அரசின் வட்டி மானியத்துக்கு நாலரை லட்சம். 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பிரதமர் வித்யாலட்சுமி திட்டத்தில் மூன்று சதவீத வட்டிச் சலுகைக்கு எட்டு லட்சம். அதுவும் முதலில் பட்டியலிட்ட 860 நிறுவனங்களில் என் கல்லூரி இல்லை. இ-சேவை மையத்தில் வாங்கிய வருமானச் சான்றிதழில் அப்பாவின் சம்பளம் முழுசாக என் கணக்கில் ஏறியிருக்கிறது. அதில் ஒரு ரூபாய் என் கைக்கு வந்ததா என்று கேட்கும் சான்றிதழ் எந்தத் தாலுகா அலுவலகத்திலும் கிடையாது. காகிதத்தில் நான் வசதியான வீட்டுப் பெண். பள்ளியில் ஃபீஸ் கட்டிப் படித்தவள் என்பதால் ஏழரை சதவீத ஒதுக்கீடும் இல்லை, மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் இல்லை. முதல் தலைமுறைப் பட்டதாரிச் சலுகை? அதை அண்ணன் வாங்கிப் படித்து முடித்துவிட்டான். அண்ணனுக்கு அப்பா கையெழுத்துப் போட்டார் என்பதைப் போகிறபோக்கில் சொல்லி வைக்கிறேன்.

மந்தாரக்குப்பத்தில் எனக்கு ஒரு தோழி இருக்கிறாள். அவளுடைய அப்பா அதே சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. மகளுக்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வங்கிக்கு வந்தார். சட்டைப் பையில் சொந்தமாகப் பேனா வேறு. எங்கே போடணும் சார் என்று கேட்டுக்கொண்டே நின்றார். அவருடைய வருமானம் போதாதாம். கையெழுத்துப் போடத் துடிக்கும் அப்பாவுக்குச் சம்பளம் இல்லை, சம்பளம் இருக்கும் அப்பா பேனாவைத் தொடமாட்டார். இரண்டு பேரையும் சேர்த்து ஒரே அப்பாவாகக் கணக்கில் எடுத்துக்கொள்ள உங்கள் சுற்றறிக்கையில் வழி உண்டா?

அடமானமாக ஏதாவது இருக்கிறதா என்று கேட்டால் அதற்கும் எங்கள் ஊர்க் கதை ஒன்று உண்டு. குடியிருக்கும் குவார்ட்டர்ஸ் கம்பெனியுடையது. அப்பா ரிட்டையர் ஆனால் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். தாத்தாவுக்கு நிலம் இருந்தது. சுரங்க விரிவாக்கத்துக்கு அது போனது. தாத்தா கைநாட்டு வைத்தார், அப்பாவுக்கு வேலை கிடைத்தது. நிலம் கொடுத்த எல்லா வீடுகளுக்கும் அப்படிக் கிடைத்துவிடவில்லை. அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை. 2023 ஜூலையில் வளையமாதேவியில் பயிர் நின்ற வயலுக்குள் இயந்திரங்கள் இறங்கியதை மும்பையிலும் டிவியில் பார்த்திருப்பீர்கள். எழுதத் தெரியாத தாத்தா மகனுக்காக விரலை மையில் தோய்த்தார். அந்த விரலால் வேலைக்குப் போன மகன், தன் மகளுக்குக் கையெழுத்துக் கிடையாது என்கிறார். நிலமோ பழுப்பு நிலக்கரியாகி, மின்சாரமாகி, ஒருவேளை உங்கள் அலுவலகத்து ஏசியில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதை எப்படி மீட்டு அடமானம் வைப்பது?

அப்பா மேல் வழக்குப் போடு என்கிறார் தெரிந்த வக்கீல் ஒருவர். 1956ஆம் வருட இந்துத் தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டத்தில், தன்னைத் தானே பராமரித்துக்கொள்ள முடியாத மணமாகாத மகளைத் தகப்பன் பராமரிக்க வேண்டும் என்று இருக்கிறது. 2020இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. (நெய்வேலி நிறுவனம் பிறந்ததும் 1956தான், இரண்டில் ஒன்று சொன்னபடி வேலை செய்கிறது.) சரி, போடுகிறேன் என்று வையுங்கள். கடலூர் கோர்ட்டில் வாய்தா மேல் வாய்தா வாங்கி நான் ஜெயிப்பதற்குள் என் வகுப்புத் தோழிகள் பேரன் பேத்தி எடுத்துவிடுவார்கள். அதுவரை வாதியும் பிரதிவாதியும் கைகோத்துக்கொண்டு இணைக் கடனாளர்களாக உங்கள் கவுன்ட்டருக்கு வருவோமா?

எங்கள் சுரங்கத்தில் மண் வெட்டும் ராட்சதச் சக்கர இயந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தவை. அதே நாட்டில் 1971 முதல் மாணவர் உதவிச் சட்டம் ஒன்று இருக்கிறது. வசதியுள்ள பெற்றோர் தர மறுத்து, அதனால் படிப்புக்கே ஆபத்து என்றால், அரசு முன்பணமாகக் கொடுத்துவிட்டு அதைப் பெற்றோரிடம் வசூலித்துக்கொள்ளும். இயந்திரத்தை இறக்குமதி செய்தவர்கள் இதையும் ஒரு கன்டெய்னரில் போட்டுக் கொண்டு வந்திருக்கலாம். சம்பளப் பட்டியலில் ஃபிரிட்ஜுக்குக் கீழே இன்னொரு பத்தி, அவ்வளவுதான் செலவு. அமெரிக்காவைக் கேட்காதீர்கள், அங்கே உங்கள் ஆட்கள்தான் இருக்கிறார்கள் போல: பட்டப்படிப்பு மாணவருக்கு 24 வயது ஆகும்வரை உதவிப் படிவத்தில் பெற்றோர் வருமானம் கேட்கிறார்கள், தரமாட்டேன் என்று பெற்றோர் சொல்வது செல்லுபடியாகும் காரணமில்லை. கல்யாணம் செய்துகொண்டால் அங்கேயும் விடுதலை.

அப்படியானால் எப்படிப் படிக்கிறாய் என்று கேட்பீர்கள். முதல் வருடக் கட்டணம், நீங்கள் இல்லை என்று சொன்ன அதே வங்கி கொடுத்ததுதான். பக்கத்துக் கவுன்ட்டர். அம்மா தன் இரட்டைவடச் சங்கிலியைக் கழற்றி வைத்தார். உரசிப் பார்த்தார்கள், எடை போட்டார்கள், டீ ஆறுவதற்குள் பணம் வந்துவிட்டது. வீட்டுக்காரர் கையெழுத்து எங்கே என்று அம்மாவை யாரும் கேட்கவில்லை. சங்கிலிக்கு அப்பா தேவையில்லை.

மற்ற செலவுக்கு மாலையில் பிள்ளைகளுக்கு டியூஷன், முகூர்த்த நாட்களில் மண்டப வாசலில் பன்னீர் தெளித்துச் சந்தனம் நீட்டும் வேலை. பட்டுப்புடவை அவர்களே தருவார்கள், சிரிப்பு நம்முடையது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு வேலை பார்ப்பவர் வீட்டுக் கல்யாணம். அப்பா வந்தார். கிண்ணத்தில் விரலை வைத்துச் சந்தனத்தைத் தொட்டுக்கொண்டார், ஒரு கல்கண்டு எடுத்தார், வாடகைக்கு வந்த பெண்ணைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு உள்ளே போனார். நேராக மொய் மேசை. வட்டம், வீட்டு எண் எல்லாம் தெளிவாகச் சொல்லி 5,001 ரூபாய் எழுதிவிட்டுத்தான் பந்திக்கு நகர்ந்தார்.

ஐயன்மீர், உங்கள் திட்டத்தைத் திருத்த நிபுணர் குழு போடுவதென்றால் ஆடி மாதத்தில் பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கம் அனுப்பி வையுங்கள். அங்கே மொய் விருந்து நடக்கும். கறிச்சோறு போட்டு, ஒரே நாளில் லட்சக்கணக்கில் வசூலாகும். பணம் எண்ணும் இயந்திரம், கணினி ரசீது எல்லாம் உண்டு. அடமானம் கிடையாது, வட்டி கிடையாது, இணைக் கடனாளர் கிடையாது. ஒரு நோட்டுப் புத்தகம் மட்டும். வாங்கியவர் அடுத்தவர் விருந்தில் திருப்பி வைத்தே தீருவார், இல்லாவிட்டால் ஊரில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. நானும் ஒரு மொய் விருந்து வைக்கலாம் என்றிருக்கிறேன். கறிச்சோற்றுக்குக் கையில் காசில்லை. அதற்கு மட்டும் ஒரு சிறு கடன் கிடைக்குமா?

இந்தக் கடிதத்துக்குத் தாங்கள் பதில் அனுப்புவதானால் ஸ்பீடு போஸ்டில், வீட்டு முகவரிக்கே அனுப்புங்கள். நான் கல்லூரியில் இருப்பேன், அம்மா மதியம் தூங்குவார். நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு அப்பா வீட்டில் இருப்பார். என் பேருக்கு வந்த தபால்தான் என்றாலும், தபால்காரர் நீட்டும் இடத்தில் கையெழுத்துப் போட்டு வாங்கி வைப்பார்.

இப்படிக்கு,
விண்ணப்பதாரர் (இணைக் கடனாளர் கட்டம் காலி)