அன்று தார் கேட்டோம், இன்று வேகத்தடை கேட்கிறோம்

கீரமங்கலத்தில் எங்கள் தெருக்காரர்கள் எழுதிய மனுக்களில் இரண்டு முக்கியமானவை. முதலாவது, தார் ரோடு போட்டுத் தரச் சொல்லி எழுதியது. இரண்டாவது, அதே தார் ரோட்டில் வேகத்தடை போட்டுத் தரச் சொல்லி எழுதியது. நடுவில் ஒரு தலைமுறை கடந்திருக்கிறது. முதல் மனுவில் கைநாட்டு வைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இரண்டாவது மனுவில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். இரண்டும் நியாயமான மனுக்கள் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அன்று எங்கள் தெரு செம்மண் தெரு. மல்லிகை, முல்லை, கனகாம்பரம், சம்பங்கி என்று பூவை நம்பி வாழும் ஊர் இது. விடியும் முன்பே மொட்டுப் பறித்து, அது விரிவதற்குள் கமிஷன் கடைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். தாமதமானால் விலை இறங்கிவிடும். மழைக்காலத்தில் சைக்கிள் கேரியரில் பூச்சாக்கைக் கட்டிக்கொண்டு கிளம்பினால், நாலு வீடு தாண்டுவதற்குள் மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே செம்மண் அப்பிக்கொள்ளும். சக்கரம் சுழலாது. வேலியில் ஒரு குச்சி ஒடித்து, சைக்கிளைச் சாய்த்துப் பிடித்து, மண்ணை நோண்டி எடுத்துவிட்டு இன்னும் நாலு வீடு தாண்டலாம். பிறகு மறுபடியும் நோண்ட வேண்டும். பூவுக்கே இந்தப் பாடு. பிரசவ வலி கண்ட பெண்ணைக் கயிற்றுக் கட்டிலில் படுக்கவைத்து, நாலு பேர் தூக்கிக்கொண்டு மெயின் ரோட்டுக்கு ஓடுவார்கள். இதையெல்லாம் பார்த்தவர் யாரும் அந்த மண் தெருவே நன்றாக இருந்தது என்று சொல்ல மாட்டார்.

ஆனால் அந்தத் தெருவில் ஒரு மரியாதை இருந்தது. அங்கே வண்டிதான் ஆளைப் பார்த்து ஒதுங்கும். பாதித் தெருவில் நிலக்கடலை காயும். ஒரு வீட்டு வாசலில் ஆடு கட்டியிருக்கும். பையன்கள் நடுத்தெருவில் கிட்டிப்புள் ஆடுவார்கள். புளிய மரமும் பலா மரமும் இரு பக்கமும் சாய்ந்து நிற்பதால் அவற்றுக்கு அப்பால் என்ன வருகிறதென்று தெரியாது. தெரியாத இடத்தில் யாரும் விரட்டிக்கொண்டு போகமாட்டார்கள். மாசி மகத்துக்குக் குளமங்கலம் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயிலுக்குப் போகும் கூட்டு வண்டிகள்கூட எங்கள் தெருவுக்குள் மாட்டைப் பிடித்து நடத்திக்கொண்டுதான் போகும். வேகத்தைக் குறைக்க எந்தப் பலகையும் வேண்டியிருக்கவில்லை.

தார் ரோடு வந்தது. அது தந்த நன்மைகளை மறக்க முடியாது. பூ நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பிள்ளைகள் சேறு மிதிக்காமல் பள்ளிக்கூடம் போனார்கள். 2008-இல் 108 ஆம்புலன்ஸ் சேவை தொடங்கிய பிறகு வண்டி வாசலுக்கே வந்தது. கட்டில் தூக்கும் காலம் முடிந்தது.

பிறகு 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரை கடந்தது. இந்தப் பக்கத்துத் தென்னையையும் பலாவையும் அது எப்படிச் சாய்த்தது என்பதை யாரும் மறக்கவில்லை. எங்கள் தெரு மரங்களும் விழுந்தன. வெட்டி அப்புறப்படுத்திய பிறகு இந்தக் கோடியில் நின்றால் அந்தக் கோடி தெரிந்தது. நிழல் போனதைப் பற்றித்தான் அப்போது பேசினோம். பார்வை மறைத்து நின்ற அந்த மரங்கள்தான் வண்டிகளை நிதானமாக ஓட வைத்திருந்தன என்பது பிறகே புரிந்தது. நேராக, அகலமாக, வழவழப்பாகத் தெரியும் ரோடு, ஓட்டுகிறவரை இன்னும் முறுக்கு என்கிறது.

இப்போது விடிந்தால் பூச்சாக்கு ஏற்றிய மொபெட்டும் பைக்கும். எட்டு மணிக்குப் பள்ளிக்கூட வேன். பலா சீசனில் பழம் ஏற்றிய மினி லாரி. கடைவீதி நெரிசலில் மாட்டாமல் ஆலங்குடி, அறந்தாங்கி, பேராவூரணி ரோட்டைப் பிடிக்கக் குறுக்கே புகுந்து வரும் கார்கள். மாசி மகத்தில் அய்யனார் கோயிலுக்குக் காகித மாலைகளை ஏற்றிக்கொண்டு வேன்களும் லாரிகளும் வரிசையாக. எதிர்வீட்டு அப்பத்தாவுக்குக் கண் மங்கிவிட்டது. வாசலில் நின்று காதால்தான் தெருவைக் கடக்கிறார். “இது போயிருச்சாப்பா, இல்ல இன்னொன்னு வருதா?” என்று என்னைக் கேட்பார். “வருது, நில்லு அப்பத்தா” என்று கையைப் பிடித்துக்கொள்வேன். ஒரு காலத்தில் இதே இடத்தில் கடலையைக் காயப்போட்டுவிட்டு நடுவில் உட்கார்ந்து கோழி விரட்டியவர் அவர். ஓட்டுகிறவர்களும் வெளியூர்க்காரர்கள் மட்டும் அல்ல. பாதிப் பேர் நம் வீட்டுப் பிள்ளைகள்.

வேகம் என்பது ரசனை சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை, கணக்கு சம்பந்தப்பட்டது. மணிக்கு 30 கிலோமீட்டரில் போகும் வண்டி ஒரு விநாடியில் 8 மீட்டர் சொச்சம் நகரும். 60-இல் போனால் ஏறக்குறைய 17 மீட்டர். பிள்ளை குறுக்கே ஓடிவருவதைக் கண்டு பிரேக்கில் கால் வைப்பதற்கே ஒரு விநாடி போய்விடும். அதன் பிறகு, வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். 2022-இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம். அதில் பத்தில் ஏழு சாவுக்கு அதிவேகம் காரணம். அந்த ஆண்டு அதிக விபத்துகள் பதிவான மாநிலம் தமிழ்நாடு: 64,105 விபத்துகள், 17,884 உயிர்கள்.

வேகத்தடை கேட்பது சரி, அதை எப்படிக் கேட்கிறோம் என்பதும் முக்கியம். விபத்து நடந்த மறுநாள் கோபத்தில் ஜல்லியும் மண்ணும் கொட்டி ராத்திரியோடு ராத்திரியாக ஒரு மேட்டை எழுப்பிவிடுவது பல ஊர்களில் வழக்கம். இருட்டில் அது தெரியாது. பைக்கில் பின்னால் உட்கார்ந்து வரும் பெண் தூக்கி எறியப்படுவார். கர்ப்பிணியை ஏற்றிய ஆட்டோவும் ஆம்புலன்சும் அதில்தான் குதித்துப் போக வேண்டும். இந்தியச் சாலைப் பேராயத்தின் விதிமுறை வேறு மாதிரிச் சொல்கிறது. மேடு 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம், வளைவாக ஏறி வளைவாக இறங்க வேண்டும். மணிக்கு 25 கிலோமீட்டரில் போகிறவருக்குக் குலுங்காது, விரட்டி வருகிறவருக்கு மட்டும் உறைக்கும். மேட்டின் மேல் வண்ணப் பட்டை அடிக்க வேண்டும், 40 மீட்டர் முன்னால் எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும். ரோடு நெடுஞ்சாலைத் துறையுடையதா, ஊராட்சி ஒன்றியத்துடையதா, பேரூராட்சியுடையதா என்று முதலில் கேட்டறிந்து, உரியவரிடம் மனு கொடுப்பதும் அவசியம். மனு தவறான மேசையில் கிடந்தால் மாதங்கள் வீணாகும்.

இது நம் ஊருக்கு மட்டும் வந்த கவலை இல்லை. 1970-களின் தொடக்கத்தில் நெதர்லாந்தில் பிள்ளைகளைச் சாலையில் பறிகொடுத்த பெற்றோர் தெருவில் இறங்கிப் போராடினார்கள். அதற்குப் பிறகு அங்கே குடியிருப்புத் தெருக்களில் மரமும் வளைவும் வைத்து, வண்டி ஆளுக்கு வழிவிட்டு ஊர்ந்து போக வேண்டும் என்று சட்டமே வந்தது. நம் செம்மண் தெரு சட்டம் இல்லாமல் செய்துவந்ததை அவர்கள் சட்டம் போட்டுச் செய்தார்கள். 2020 பிப்ரவரியில் ஸ்டாக்ஹோமில் கூடிய உலக நாடுகளின் மாநாடும், ஆளும் வண்டியும் கலந்து போகும் தெருக்களில் 30 கிலோமீட்டர்தான் உச்ச வேகம் என்று வலியுறுத்தியது. சென்னையில் 2023 நவம்பர் முதல் குடியிருப்புப் பகுதிகளுக்குப் போக்குவரத்துக் காவல்துறை வைத்திருக்கும் வரம்பும் அதே 30தான். சென்னையில் தெருவைக் கடக்கும் பிள்ளையின் உயிருக்கு உள்ள மதிப்பு கீரமங்கலத்துப் பிள்ளைக்கும் உண்டு.

வேகத்தடை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத காரியங்களும் இருக்கின்றன. கஜா கொண்டுபோன மரங்களுக்குப் பதிலாகத் தெருவோரம் கன்று நடலாம், வளர்ந்தால் நிழலும் தரும், வேகத்தையும் குறைக்கும். பூவோடு போகிறவர் கால் மணி முன்னதாகக் கிளம்பலாம். மனுவில் கையெழுத்துப் போட்ட வீட்டிலிருந்து கிளம்பும் வண்டி முதலில் மெதுவாகப் போகட்டும். தார் ரோடு நாம் கேட்டு வாங்கியது. அதில் நடந்து போகிறவர் பயமில்லாமல் நடக்க வேண்டும் என்பதையும் நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.