மாயாவியை விமானம் ஏற்றும் மாப்பிள்ளைக்கு

வா மாப்ளே, உக்காரு. ஒசூர் சிப்காட்டுல ஷிஃப்டு முடிஞ்ச கையோட வீட்டுக்குப் போகாம மாமன் தோட்டத்துக்கு வந்திருக்கேன்னா, ஒண்ணு உங்கம்மாகூட சண்டை, இல்லே கார்டுல பணம் காலி. ரெண்டாவதுதான்னு உன் மூஞ்சியிலேயே தெரியுது. சீமையிலேருந்து பழைய பொம்மைப் பொஸ்தகம் தருவிக்கிறியாமே? இருக்கறதுல ஒண்ணை டொரண்டோ சிநேகிதனுக்கு அனுப்பவும் போறியாமே? உங்கப்பன் என்கிட்ட வந்து அழுதுட்டுப் போனான். "பையன் நிலம் வாங்குவான்னு பாத்தேன், காயிதம் வாங்கறான்"னு.

நான் திட்ட மாட்டேன். அமெரிக்காவுல 1938-லே பத்து சென்டுக்கு வித்த சூப்பர்மேன் முதல் கதை, 'ஆக்ஷன் காமிக்ஸ்' முதல் இதழ், 2024 ஏப்ரல்ல அறுபது லட்சம் டாலருக்கு ஏலம் போச்சு. நம்ம காசுல அம்பது கோடி. அந்தப் பணத்துக்கு ராயக்கோட்டை ரோட்டுல ஒரு மைல் வாங்கலாம். ஆனா நீ சூளகிரிப் பஸ்ஸுல பாதி டிக்கெட் வாங்கின வயசுல படிச்ச பொஸ்தகம் அந்த விலைக்குப் போகும்னு கணக்குப் போடாதே. அது பத்துக்கு எட்டரை மார்க்கு வாங்கின பிரதி. உன்னுது பத்துக்கு ஒண்ணரை.

மார்க்கா? ஆமா மாப்ளே. அமெரிக்காவுல சிஜிசின்னு ஒரு கம்பெனி 2000-லேருந்து இதையே தொழிலா செய்யுது. பொஸ்தகத்தைப் பாத்து மார்க்குப் போட்டு, கெட்டிப் பிளாஸ்டிக் பொட்டிக்குள்ள வெச்சு மூடிடுவான். அப்புறம் யாரும் அதைப் படிக்க முடியாது. படிக்க முடியாத பொஸ்தகத்துக்குப் படிக்கற பொஸ்தகத்தைவிட விலை ஜாஸ்தி. இதைக் கேட்டு நீ சிரிக்கறே. நான் சிரிக்கல. நம்ம தோட்டத்துல தாஜ்மஹால் ரோஜாவைக் காம்பு நாப்பது சென்டி, அம்பது, அறுபதுன்னு அளந்து தரம் பிரிச்சு, இருபது பூவை ஒரு கட்டாக் கட்டி, மொக்கைச் சுத்தி நெளி அட்டை போட்டு, குளிர் ரூம்ல வெச்சுத்தானே பெங்களூர் ஏர்போர்ட்டுக்கு அனுப்பறோம்? இதழ் ஓரம் கொஞ்சம் கறுத்தா எக்ஸ்போர்ட்டு போச்சு, கே.ஆர். மார்க்கெட்டுதான். உன் காயிதமும் அதே கதி. ஓரம் போனா விலை போச்சு. பூக்காரன் மருமான் இதைச் சொல்லித் தெரிஞ்சிக்கணுமா?

சரி, நம்ம ஊரு சங்கதிக்கு வா. சிவகாசியில முத்து காமிக்ஸ் 1972-லே ஆரம்பிச்சாங்க. முதல் பொஸ்தகமே இரும்புக்கை மாயாவி. அந்த மாயாவி இங்கிலாந்துக்காரன். 1962-லே அங்கே 'வேலியண்ட்'னு ஒரு வாரப் பத்திரிகையில பொறந்தவன். கரண்டுல கையை வெச்சா ஆளு மறைஞ்சிடுவான், இரும்புக் கை மட்டும் தெரியும். நம்மூர்ல கரண்டுல கை வெச்சா ஆளு நெஜமாவே மறைஞ்சிடுவான், அது வேற. 1984-லே லயன் காமிக்ஸ் வந்தது. அதே வருஷம் ராணி காமிக்ஸ். அதுக்கும் முன்னாடி 1964-லேருந்து இந்திரஜால் காமிக்ஸ், டைம்ஸ் ஆப் இந்தியாக்காரங்க போட்டது, 1990 வரைக்கும் ஓடுச்சு.

இந்தப் பொஸ்தகங்களுக்கு ஒரு பொது வியாதி உண்டு. வாடகை லைப்ரரி. ஒசூர்ல, கிருஷ்ணகிரியில, அரூர்ல எல்லாம் இருந்துச்சு. லைப்ரரிக்காரன் அஞ்சாறு இதழை ஒண்ணா அடுக்கி, முன்னட்டையைக் கிழிச்சுப் போட்டு, சைடுல ஊசி குத்தி நூலைக் கோத்து, மிஷின்ல ஓரத்தைச் சீவி, மேலே காக்கி அட்டை ஒட்டிடுவான். சீவும்போது பலூன்ல இருக்கற கடைசி எழுத்தும் கூடவே போயிடும். மாயாவி "ஆ"ன்னு கத்தினானா "ஐயோ"ன்னு கத்தினானான்னு நம்மளா யூகிச்சுக்க வேண்டியதுதான். அப்புறம் முதல் பக்கத்துல ஊதா ரப்பர் ஸ்டாம்பு, நடுவுல ஒண்ணு, கடைசியில ஒண்ணு. அந்த பைண்டிங்கைப் பிரிச்சு "தனி இதழ், நல்ல நிலை"ன்னு உனக்கு விப்பான் ஒருத்தன். நீ முதுகுப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லு. வரிசையா ஊசி ஓட்டை இருந்தா அது லைப்ரரிப் பொஸ்தகம். பின்னு துருப்பிடிச்சிருக்கா பாரு. நடுப்பக்கம் பின்னுல தொங்குதா பாரு. குறுக்கெழுத்தை எவனாவது போட்டு முடிச்சிருக்கானா, கூப்பனை வெட்டியிருக்கானா பாரு. செலோ டேப் ஒட்டியிருந்தா விட்டுட்டு ஓடிப்போ. அந்தப் பசை பழுத்து, காயிதத்தையும் சேத்துத் தின்னும்.

"மூர் மார்க்கெட்ல பொறுக்கினது சார்"னு ஒருத்தன் கதை விடுவான். மெட்ராஸ் மூர் மார்க்கெட்டு எரிஞ்சது 1985-லே. அவன் விக்கறது 1988 பொஸ்தகம். சாம்பல்லேருந்து எடுத்தானான்னு கேளு.

இன்னொண்ணு. "மாயாவி இருக்கு"ன்னு சொன்னா எந்த மாயாவின்னு கேட்டுக்கோ. முத்துவோட மாயாவிக்கு இரும்புக் கை. ராணி காமிக்ஸ்ல முகமூடி போட்டுக்கிட்டு கோடு போட்ட ஜட்டியில காட்டுல சுத்தறவனுக்கும் மாயாவின்னுதான் பேரு. முத்துக்காரங்க அந்த ஆளை வேதாளர்னாங்க. பேரை மட்டும் கேட்டுப் பணம் அனுப்பினா, நீ எதிர்பாக்காத ஆளு வாசல்ல வந்து நிப்பான். அட்டைப் படம், இதழ் எண், அச்சான வருஷம் மூணையும் வாங்கிக்கிட்டுத்தான் பணம். கலர் ஜெராக்ஸ் அட்டையும் சுத்துது, அதையும் ஞாபகத்துல வை. கதைதான் வேணும்னா சிவகாசியிலேயே மறுபதிப்புப் போட்டிருக்காங்க, நல்ல தாள்ல. பழைய காயிதத்துக்கு ஏங்கறவன் மட்டும் இந்தச் சந்தைக்கு வரணும்.

இனி கப்பல் ஏத்தற சமாச்சாரம். இதுல உனக்கு நான் குரு, ஒத்துக்கோ.

நீ போன தடவை பேக் பண்ணின லட்சணத்தை உங்கத்தை காட்டினா. மெல்லிசுக் கவர், மேலே ஆங்கிலத்துல 'மடிக்காதே'ன்னு சிவப்பு இங்க்ல. எந்த ஊர்லயும் மூட்டை தூக்கறவன் அதைப் படிச்சதா எனக்குத் தெரியல. முதல்ல பொஸ்தகத்தை பிளாஸ்டிக் உறையில போடு. வாய்ப்பக்கம் ஒட்டற டேப்பு பொஸ்தகத்துல படக்கூடாது. வெளியே எடுக்கும்போது அட்டையை உரிச்சுக்கிட்டு வந்துடும். அப்புறம் பொஸ்தகத்தைவிட நாலு பக்கமும் ஒரு அங்குலம் பெரிசா ரெண்டு கெட்டி நெளி அட்டை. ஒண்ணோட நெளி நீளவாக்குல, இன்னொண்ணோட நெளி குறுக்குவாக்குல. எந்தப் பக்கம் மடக்கினாலும் மடங்காது. நடுவுல ஆடாம மூலையில பிடிப்பு குடு. மேலே தண்ணி புகாத கவர். ஆனா ஆர்வத்துல டிவிப் பொட்டி அளவுக்கு டப்பா தேடாதே. கூரியர்காரன் எடை மட்டும் பாக்க மாட்டான். நீளம், அகலம், உயரம் சென்டிமீட்டர்ல பெருக்கி அஞ்சாயிரத்தால வகுப்பான், வர்ற எடை, தராசு எடை ரெண்டுல எது ஜாஸ்தியோ அதுக்குத்தான் காசு. முதல் வருஷம் ரோஜா அனுப்பினவன் எல்லாம் காத்துக்குக் காசு கட்டினவன்தான்.

உள்நாட்டுல அனுப்பறதும் இப்ப லேசு இல்லே. பதிவுப் புத்தக அஞ்சலை 2024 டிசம்பர்ல தூக்கிட்டாங்க. 2025 மே மாசம் 'ஞான் போஸ்ட்'டுன்னு ஒண்ணு வந்திருக்கு, முன்னூறு கிராமுக்கு இருபது ரூபாய்லேருந்து. ஆனா தவணை முறையில வர்ற பத்திரிகைக்கு அதுல இடமில்லே. மாசா மாசம் வந்த காமிக்ஸ் புத்தகமா, பத்திரிகையான்னு தபாலாபீஸ் கவுண்டர்ல பட்டிமன்றம் நடக்கும். பின்னாடி நிக்கறவன்லாம் நடுவரு.

வெளியிலேருந்து வர்றதுக்கு வரி உண்டு. அச்சடிச்ச பொஸ்தகத்துக்கு 2019 பட்ஜெட்லேருந்து அஞ்சு சதவீதம் சுங்கம். அதுக்கு முன்னாடி ஒண்ணும் இல்லே. 'சொந்த உபயோகப் பொருள்'னு வேற தலைப்புல சேத்துட்டா வரி ஏறிடும். அதனால விக்கறவன்கிட்ட சொல்லி, 'பழைய அச்சுப் புத்தகம், காமிக்ஸ், இத்தனை எண்ணம், இத்தனை விலை'ன்னு தெளிவா எழுத வை, பில்லை உள்ளேயும் வெளியேயும் வைக்கச் சொல்லு. "பரிசுன்னு எழுதிடுங்க"ன்னு கெஞ்சாதே. அஞ்சாயிரம் ரூபாய் வரைக்கும் பரிசுக்கு இருந்த சலுகையை 2019 டிசம்பர்ல எடுத்துட்டாங்க. மிச்சம் விட்டது உயிர் காக்கற மருந்தும் ராக்கிக் கயிறும். மாயாவியை ராக்கியில கட்டி அனுப்பச் சொல்றதுன்னா உன் இஷ்டம். விலையைக் குறைச்சு எழுதினா வரி குறையும், நெசம்தான். பார்சல் தொலைஞ்சா இன்ஷூரன்ஸ்காரனும் அந்தக் குறைச்ச விலையைத்தான் குடுப்பான்.

நம்ம எல்லை ஜூஜுவாடி செக்போஸ்ட்டுல லாரி லாரியா நின்ன காலம் உனக்குத் தெரியாது. 2017 ஜூலையில ஜிஎஸ்டி வந்ததும் வணிகவரிச் செக்போஸ்ட்டை எடுத்துட்டாங்க. இப்ப செக்போஸ்ட்டு உன் போன்ல வந்து நிக்குது. "உங்க பார்சல்ல போதை மருந்து சிக்கியிருக்கு, உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் பண்றோம்"னு ஒருத்தன் வீடியோவுல போலீஸ் சட்டை போட்டுக்கிட்டு வருவான். சட்டத்துல அப்படி ஒரு அரெஸ்டே கிடையாது. போனை வெச்சுட்டு சைபர் மோசடிப் புகார் நம்பர் 1930-க்கு அடி. உன் பார்சல்ல இருக்கற போதை எதுன்னு வீட்டுக்கே தெரியும்.

டொரண்டோவுக்குன்னா சரி. நாளைக்கே டல்லாஸ்ல ஒருத்தன் கேக்கறான்னு வை, அங்கத்திய சமாச்சாரம் எப்ப மாறும்னு சொல்ல முடியாது. 2025 ஆகஸ்டு 29-லேருந்து எண்ணூறு டாலர் வரைக்கும் இருந்த வரிச் சலுகையை எடுத்தாங்க. அந்தக் குழப்பத்துல நம்ம தபால்துறை அமெரிக்காவுக்குப் பார்சல் வாங்கறதையே நிறுத்தி, அக்டோபர் 15-லேதான் திரும்ப ஆரம்பிச்சது. பொஸ்தகத்துக்கு அப்போ அமெரிக்கா போட்ட கூடுதல் வரி இல்லேதான். பார்சலே போகலேன்னா வரி இல்லாம என்ன பிரயோசனம்? அனுப்பற அன்னிக்குத் தபாலாபீஸ்ல விசாரிச்சுக்கோ. சிநேகிதனுக்கு ஒண்ணு அனுப்பறது வேற, இதையே வியாபாரமாப் பண்றது வேற. வியாபாரம்னா ஏற்றுமதியாளர் எண் வாங்கணும். தபால்துறையே அதுக்குன்னு டாக்கர் நிர்யாத் கேந்திரம் வெச்சிருக்கு. நான் ரோஜாவுக்கு வாங்கியிருக்கேன், உனக்கு மாயாவிக்கு வாங்கத் துப்பில்லையா?

கடைசியா ஒண்ணு மாப்ளே. டொரண்டோவுக்கு அனுப்பற அந்த 1972 மாயாவிப் பொஸ்தகத்தைக் கட்டறதுக்கு முன்னாடி ஒரு ராத்திரி இங்கே குடுத்துட்டுப் போ. எட்டாங்கிளாஸ்ல வாத்தியார் பிடுங்கிக்கிட்டது, கடைசி நாலு பக்கம் நான் படிக்கவே இல்லே. கையைத் துடைச்சிக்கிட்டுத்தான் தொடுவேன்.