சீகிரியாவுக்குப் போற மருமகனுக்கு

வாங்கோ மருமகன், இருங்கோ. நேற்று ராத்திரி பின்விறாந்தையில நீங்களும் மகளும் குசுகுசுத்தது எனக்குக் கேட்கேல்ல. எனக்குக் காது மந்தம் எண்டு சீனன்குடாவுக்கே தெரியும். சனிக்கிழமை விடியப்புறம் நாலரைக்கு வான் வருது, பிள்ளையள் மூண்டு பேரோட சீகிரியா, இருட்ட முன்னம் திரும்புறது. இவ்வளவுதான் எனக்குக் கேட்காதது.

நல்ல விசயம்தான். பிள்ளையளுக்குச் சரித்திரம் காட்டத்தான் வேணும். எங்கட காலத்தில எங்களுக்கு ஆர் காட்டினது? வீட்டை விட்டு வெளிக்கிட்டால் வெள்ளைக்காரன்ர எண்ணெய்த் தாங்கி. 1942 ஏப்பிரல் 9 யப்பான்காரன் குண்டு போட வந்த கதையை அப்பு சொல்லச் சொல்லக் கேட்டதுதான் எங்கட சரித்திர ரியூசன். காசில்லாமப் பாத்தது எண்டபடியால் ஒருத்தரும் அதைச் சுற்றுலா எண்டு சொல்லேல்ல.

போற வழியில கந்தளாயில மட்டும் நிப்பாட்டிப் போடாதேங்கோ. அங்க எருமைத் தயிர் சட்டி சட்டியாய் அடுக்கி இருக்கும். மகள் கட்டாயம் வாங்குவாள். பிறகு அந்தச் சட்டி சரியாம நாள் முழுக்க மடியில வைச்சிருக்க ஒரு ஆள் வேணும். உங்கட வானில ஆற்ற மடி சும்மா இருக்கு? ஹபரணையில அவிச்ச சோளம் விப்பாங்கள், அதை வாங்கிக் குடுங்கோ. கடிக்கிற நேரமெண்டாலும் மூண்டும் வாய் மூடி இருக்கும். இனாமலுவச் சந்தியில திரும்பினால் மரங்களுக்கு மேலால பாறை தலையைக் காட்டும். அப்ப நீங்கள் தொண்டையைச் செருமிக்கொண்டு சரித்திரம் தொடங்குவியள். தெரியும் எனக்கு.

மூத்தவன் அஞ்சாம் வகுப்புப் புலமைப்பரிசிலுக்குப் படிக்கிறவன். யுனெஸ்கோ 1982இல உலக மரபுரிமைப் பட்டியலில சேர்த்தது எண்டு உங்களுக்கு முதலே சொல்லிப்போடுவான். நடுவிலாள் இது இராவணன்ர கோட்டையோ எண்டு கேப்பாள். பிழையில்லை. எங்களுக்கு எங்க பெரிய கல்லைக் கண்டாலும் இராவணன்தான். கோணேசர் மலையில வெட்டினதும் அவர், கன்னியாவில வெந்நீர்க் கிணறு கிண்டினதும் அவர். அந்த மனுசனுக்கு எங்கட ஆக்கள் ஒருநாளும் லீவு குடுத்ததில்லை. சின்னவன் ஒண்டும் கேக்கான். அகழியில முதலை கவனம் எண்டு போட்டிருக்கிற பலகையடியில குந்தி இருந்து முதலையைப் பாக்கப்போறன் எண்டு அடம்பிடிப்பான். முக்கால் மணித்தியாலம் அதில போகும். போகட்டும்.

நீர்ப்பூங்காவில ஒண்டு மட்டும் காட்டுங்கோ. ஓட்டை போட்ட சுண்ணாம்புக்கல்லுத் தட்டுகள் நிலத்தில பதிச்சிருக்கும். மேட்டில இருக்கிற தண்ணி நிலத்துக்குக் கீழ வாய்க்காலால வந்து, தன்ர அமுக்கத்தாலேயே அந்த ஓட்டையளால சீறும். மோட்டரும் இல்லை, கறண்டும் இல்லை. ஆயிரத்தைஞ்ஞூறு வரியம் கழிச்சும் மாரி மழைக்கு இண்டைக்கும் வேலை செய்யுது. போன மாசம் நீங்கள் பொருத்தின குளியலறைக் குழாயைப் பற்றி நான் ஒண்டும் சொல்லேல்ல.

இனிப் படி. கிட்டத்தட்ட 1200. அரைவழியில சின்னவன் கையை விரிச்சுக்கொண்டு நிப்பான், தூக்கத்தான் வேணும். பதினைஞ்சு கிலோ உங்களுக்கு என்ன பாரமே? பொம்பிளை பாக்க வரேக்க மா ஆலையில ஐம்பது கிலோ மூட்டையோட வேலை எண்டு சொன்ன ஆள். மூட்டையைத் தூக்கிறதில்லை, கந்தோரில இருந்து கணக்கெழுதுறது எண்டு எங்களுக்குக் கலியாணத்துக்குப் பிறகுதானே விளங்கினது.

சுழல் படியால ஏறினால் ஓவியப் பெண்டுகள். அங்க படம் எடுக்க விடாங்கள். மகள் பக்கத்தில நிக்கேக்க கனநேரம் பாக்கவும் வேண்டாம். அதுக்குப் பிறகு வாறதுதான் கண்ணாடிச் சுவர். ஒரு காலத்தில முகம் தெரியிற அளவுக்குப் பளபளத்ததாம். எட்டாம், ஒன்பதாம், பத்தாம் நூற்றாண்டுகளில மலை பாக்க வந்த சனம் அந்தப் பெண்டுகளைப் பற்றி அதில கவிதை கீறி வைச்சுது. பேராசிரியர் பரணவிதான அதுகளை வாசிச்சு, 685 பாட்டை 1956இல புத்தகமாப் போட்டார். அவங்கள் கீறினது இலக்கியம். 2015இல மட்டக்களப்புப் பக்கத்துப் பிள்ளை ஒண்டு கொண்டை ஊசியால தன்ர பேரைக் கீறினதுக்கு நீதிமன்றம் ரெண்டு வரியம் மறியல் குடுத்தது. பிறகு சனாதிபதி மன்னிப்புக் குடுத்துத்தான் வெளியால வந்தது. எங்கட நடுவிலாள் வீட்டுச் சுவர் முழுக்கத் தன்ர பேர் எழுதி வைச்சிருக்கிறாள். அவளின்ர தலையில கிளிப், ஊசி ஒண்டும் இல்லாமக் கூட்டிக்கொண்டு போங்கோ.

அதுக்கும் மேல போனால் சிங்க வாசல். சிங்கத்தின்ர தலை எப்பவோ விழுந்திட்டுது. மிச்சம் ரெண்டு பாதம், பெரிய பெரிய நகம். அதில நிண்டு பிள்ளையள் படம் எடுக்க ஆசைப்படும். ஆனால் கத்தக்கூடாது, பாறையில குளவி இருக்கு. மூண்டு பிள்ளையளையும் ஒரே நேரத்தில எப்படிச் சத்தமில்லாம வைச்சிருக்கிறது எண்டு என்னட்டக் கேக்காதேங்கோ. உங்கட மனுசி சின்னனில வாய் மூடினதை நான் ஒருநாளும் காணேல்ல.

உச்சிக்குப் போனால் அரண்மனை இருக்காது. செங்கல் அத்திவாரமும், கல்லைக் குடைஞ்ச தண்ணித் தொட்டியும், காத்தும்தான். இதுக்கோ இவ்வளவு தூரம் ஏறினது எண்டு பிள்ளையள் கேப்பினம். அப்பதான் நீங்கள் காசியப்பன் கதையைச் சொல்லுவியள்: தகப்பன் தாதுசேனனைக் கொண்டுபோட்டு 477இல அரசெடுத்தவன், தம்பி முகலனுக்குப் பயந்து இந்தக் கல்லில ஏறி இருந்தவன் எண்டு. அது அரைக்கதை மருமகன். மிச்சத்தைச் சூளவம்சம் சொல்லுது.

தாதுசேனனுக்கு ஒரு மருமகன். சேனாதிபதி. சொந்தச் சகோதரியின்ர மகனுக்குத்தான் தன்ர மகளைக் கட்டிக் குடுத்தவர். அந்த மருமகன் ஒரு குற்றமும் செய்யாத பெண்டிலைச் சவுக்கால அடிச்சிருக்கிறான். உடுப்பில இரத்தத்தைக் கண்ட மாமனுக்குக் கோபம் தலைக்கேறி, மருமகன்ர தாயைப் பிடிச்சு எரிச்சுப்போட்டார். கூடப்பிறந்தவள் எண்டும் பாக்கேல்ல. உங்கட அம்மா சுகமாத்தானே இருக்கிறா? நான் விசாரிச்சதெண்டு சொல்லுங்கோ.

அந்தக் கறுவத்திலதான் மருமகன் காசியப்பனைத் தூண்டிவிட்டது. கொப்பர் செல்வத்தை எல்லாம் தம்பிக்கு ஒளிச்சு வைச்சிருக்கிறார் எண்டு காதில ஓதினான். செல்வம் எங்க எண்டு கேக்க, கிழவன் தான் கட்டின கலாவௌக் குளத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், தண்ணியை அள்ளிக் காட்டி, இதுதான் என்ர செல்வம் எண்டுதாம். உயிரோட சுவரில வைச்சுப் பூசிப்போட்டாங்கள். பதினெட்டு வரியத்தால தம்பி இந்தியாவில இருந்து ஆக்களோட வந்தான். சண்டையில சதுப்பைக் கண்ட காசியப்பன்ர யானை கொஞ்சம் திரும்பினதுதான், அரசன் ஓடுறான் எண்டு படை கலைஞ்சிட்டுது. அவன் தன்ர கழுத்தைத் தானே அறுத்தான். முகலன் தலைநகரைத் திரும்ப அனுராதபுரத்துக்குக் கொண்டுபோய், இந்தக் கல்லைப் பிக்குமாருக்குக் குடுத்திட்டான்.

அவ்வளவு பெரிய ஊர், பூங்கா, சிங்கம், ஓவியம். எல்லாத்துக்கும் அடி எங்க எண்டு பாத்தீங்களே? ஒரு மாமனும் மருமகனும் ஒத்துப்போகேல்ல. நான் உங்களைச் சொல்லேல்ல. பழைய கதை.

சனிக்கிழமை நான் ஒரு படியும் ஏறமாட்டன். கீழ மரநிழலில இருந்து, குரங்கு சோத்துப் பார்சலைத் தூக்காமப் பாத்துக்கொள்ளுவன். தயிர்ச்சட்டி வைக்க மடியும் இருக்கு. நாலு மணிக்கே கேற்றடியில நிப்பன்.

என்ன, வானில சீற் இல்லையோ? கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்கோ மருமகன், எனக்குக் காது மந்தம்.